உப்பு ஊறிய ஹெரால்ட்

ஷெட்டில் வருஷக்கணக்காக நிற்கும் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்ட் காரை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க, என்ஜினை ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. தரையில் பாயை விரித்துப் படுத்து, கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டினால் போதும். ‘டங்’ என்று கேட்டால் அங்கே தகடு இருக்கிறது. ‘தொப்’ என்று கேட்டால் இருப்பது துருவும் அதன் மேல் பூசிய பெயிண்டும்தான். ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில், கீழக்கரை, தொண்டி, மண்டபம் பக்கம் நிற்கிற வண்டிகளில் ‘தொப்’ அதிகம் கேட்கும்.

ஹெரால்ட் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் பிறந்த கார். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்து, 1959-ல் டிரையம்ஃப் பெயரில் வெளிவந்தது. 1961 முதல் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் தயாரானது. பின்னாளில் நம் ஊருக்கென்றே நான்கு கதவு வைத்தார்கள். அந்தக் காலத்து மற்ற சின்னக் கார்கள் தனி சேசிஸை, அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டத்தை, கைவிட்டுக்கொண்டிருந்தபோது இது மட்டும் ஏன் சேசிஸோடு வந்தது? ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் கம்பெனிக்கு பாடி செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் அழுத்தி எடுக்க வழியில்லாமல், துண்டு துண்டாகச் செய்து போல்ட்டால் இணைக்கும்படி வடிவமைத்தார்கள். அந்த நெருக்கடி இன்று பழைய வண்டியை மீட்பவருக்கு லாபமாயிற்று. பானெட் முழுதாக முன்பக்கம் கவிழும். கூரையைக் கூட போல்ட்டைக் கழற்றி எடுத்துவிடலாம். நஷ்டமும் அதிலேயே இருக்கிறது. ஒவ்வொரு இணைப்பும் ஓர் இடுக்கு, ஒவ்வொரு இடுக்கும் உப்பு தங்கும் இடம்.

முதலில் காகிதம்

ஸ்பேனரைத் தொடும் முன் வண்டியின் பூர்வீகத்தைத் தேட வேண்டும். சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் முதல் கேள்வி. இத்தனை வருஷத்தில் என்ஜின் மாறியிருப்பது சகஜம். அதை ஆர்சியில் ஏற்றாமல் விட்டிருப்பதும் சகஜம். ஆர்சி தொலைந்திருந்தால் ஆர்டிஓ பதிவேட்டின் நகலுக்கு எழுதிக் கேட்கலாம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. 1985-ல் பிரியும் வரை ராமநாதபுரம் மாவட்டம் என்பது இன்றைய சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களையும் சேர்த்தது. ஆகவே ராமநாதபுரத்தின் டிஎன் 65 அலுவலகத்தில் இல்லை என்றால் தேடலை அங்கேயே முடித்துவிடக் கூடாது.

எண் துருவில் மங்கியிருந்தால் கிரைண்டர் வைக்கவே கூடாது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் சாக்பீஸ் தூளைத் தடவித் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். பிறகு மெல்லிய தாளை வைத்து பென்சிலால் தேய்த்து பிரிண்ட் எடுக்கலாம். கிரைண்டர் பட்ட எண்ணைப் பார்க்கும் ஆய்வாளர் திருட்டு வண்டியோ என்றுதான் முதலில் நினைப்பார். அழிக்கப்பட்ட எண்ணையும் தடயவியல் துறையினர் மீட்டுவிடுவார்கள். அச்சு அடித்தபோது எழுத்துக்கு அடியில் உள்ள இரும்பும் நசுங்கியிருக்கும். அந்த நசுங்கிய பகுதி அமிலத்தில் வேறு வேகத்தில் கரைந்து எழுத்தைக் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயது கடந்த வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். ‘விஏ’ என்ற எழுத்து வரும் தனி எண் கிடைக்கும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றின் அமைப்பை மாற்றியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினமும் ஓட்ட நினைப்பவர்கள் பழைய பதிவையே புதுப்பித்துக்கொள்வது நல்லது. எப்படியானாலும் வெட்டும் முன்பும் ஒட்டிய பின்பும் படம் எடுத்து வைத்தால், செய்தது மாற்றமல்ல, பழுதுதான் என்று காட்ட முடியும்.

துரு அல்ல, உப்பு

வழக்கமான டிங்கர் வேலை துருவைச் சுரண்டி, பட்டி பார்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பெயிண்ட் போடுவது. கடலை விட்டுத் தள்ளிய ஊர்களில் இது சில வருஷம் தாங்கும். பாம்பன் காற்றில் அடுத்த மழைக்குள் பெயிண்ட் கொப்புளம் போடும். குறையைப் பெயிண்டர் மேல் போடுவது நியாயமில்லை.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதும். கடற்காற்று கூடவே குளோரைடைக் கொண்டுவருகிறது. அது இரும்போடு சேர்ந்து இரும்பு குளோரைடாகிறது. அது நீரில் சிதைந்து துருவையும் அமிலத்தையும் தருகிறது. அமிலம் புது இரும்பைத் தின்கிறது. குளோரைடு மறுபடி விடுதலையாகிறது. ஒரே குளோரைடு திரும்பத் திரும்ப வேலை செய்யும், தீர்ந்துபோகாது. அதில் ஒரு பகுதி அக்காகனைட் என்ற துருவகையின் படிகத்துக்குள் சிறைப்பட்டிருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் மேலே பளபளக்கும், குழிகளின் அடியில் அது அப்படியே இருக்கும்.

அடுத்தது ஈரம். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதாவது மழையே பெய்யாத சித்திரை வெயிலிலும், மூடிய பெட்டிச் சட்டத்துக்குள் தகடு ஈரமாகத்தான் இருக்கும். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோகங்களைக் கடற்காற்றில் விட்டுச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை.

உப்பு மிச்சமிருக்கும் தகட்டின் மேல் பெயிண்ட் அடித்தால், பெயிண்ட் ஒரு சவ்வாகிவிடுகிறது. நீராவி அதன் வழியே உப்பைத் தேடி உள்ளே போகும், உப்பு வெளியே வராது. சவ்வூடு பரவல்தான். உள்ளே நீர் சேர்ந்து அழுத்தம் ஏறக் கொப்புளம் எழும்புகிறது.

ஆகவே பெயிண்ட் அடிக்கும் முன் உப்பு போய்விட்டதா என்று சோதிக்க வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த பஞ்சால் உள்ளங்கை அளவு இடத்தைத் துடைத்து, அந்த நீரைக் கண்ணாடிக் குப்பியில் பிழியுங்கள். ஒரு சொட்டு நீர்த்த நைட்ரிக் அமிலம், பிறகு இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் கரைசல். பால்போல் கலங்கினால் உப்பு இருக்கிறது. அமிலச் சொட்டை விட்டுவிட்டால், சலவை சோடா மிச்சம் இருந்தாலும் கலங்கல் வந்து ஏமாற்றும். டிஸ்டில்டு வாட்டரை மட்டும் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் எல்லா டிஸ்டில்டு வாட்டரும் டிஸ்டில்டு அல்ல. கையுறை அவசியம், சில்வர் நைட்ரேட் பட்ட விரல் ஒரு வாரம் கறுத்திருக்கும்.

உப்பை எடுப்பது எப்படி? கழற்றக்கூடிய பாகங்களுக்கு மின்பகுப்பு. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் 180 லிட்டர் நீர், இரண்டரை கிலோ சலவை சோடா. பாகத்தை நடுவில் தொங்கவிட்டு பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை அதில் கொடுக்க வேண்டும். சுற்றிலும் நான்கு கட்டடக் கம்பிகளை நிறுத்தி, பாகத்தைத் தொடாமல், பாசிட்டிவ். 12 வோல்ட், ஐந்து முதல் பத்து ஆம்பியர், ஒன்றிரண்டு நாள். எதிர்மின்னூட்டம் கொண்ட குளோரைடு பாகத்தை விட்டு விலகிக் கம்பிகளை நோக்கி நகரும். கடலடியில் கிடைத்த பீரங்கிகளையும் நங்கூரங்களையும் அருங்காட்சியகங்கள் இப்படித்தான் காப்பாற்றுகின்றன. வேகம் கூட்ட உப்பு போட்டால் குளோரின் வாயு வரும், வேலையும் கெடும். கம்பிக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைத்தால் விஷமான குரோமியம் கரையும். குமிழியாக வருவது ஹைட்ரஜன். திறந்த வெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடி வேண்டாம். ஸ்பிரிங், சஸ்பென்ஷன் பாகம், கடின எஃகு போல்ட் எதையும் இதில் போடக் கூடாது. ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அவற்றை நொறுங்கச் செய்யும். அலுமினியம் கரைந்தே போகும்.

டிரம்முக்குள் அடங்காத சேசிஸுக்கு வழி, வெந்நீர் பிரஷர் வாஷ். எந்த நீர் என்பதில்தான் இங்கே பலர் தவறுகிறார்கள். மாவட்டத்தின் பல ஊர்களில் கிணற்று நீரே கரிக்கும். அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவியதாகும். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தொட்டியில் பிடித்து வைத்தால் இதற்கு ஈடில்லை. கழுவு, காயவை, சோதி. தெளிவாக வரும் வரை திரும்பச் செய்.

துருவைக் கறுப்பாக்கும் ரஸ்ட் கன்வெர்ட்டர்களில் பெரும்பாலும் டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோதான் வேலை செய்கிறது. கடுக்காய்ச் சாறு இரும்போடு சேர்ந்து கருமை தருவதும் அதே டானின் வேதியியல்தான். கெட்ட சரக்கு அல்ல. ஆனால் குளோரைடை அது எடுக்காது, மூடி மட்டும் வைக்கும்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

ஹெரால்டின் சேசிஸ் நடுவே இரண்டு பெட்டிச் சட்டங்கள். அவற்றிலிருந்து கைகள்போல் பக்கவாட்டில் நீள்பவை அவுட்ரிகர்கள். முதலில் போவது இவையும், இவற்றைத் தொடுக்கும் ஓரச் சட்டங்களும்தான். அவுட்ரிகரை வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளிகளின் குறுக்கே எல் ஆங்கிளை வெல்டு செய்து பாடியை இறுக்கிக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். தூக்குக் குண்டால் புள்ளிகளைத் தரைக்கு இறக்கி, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று ஒவ்வொரு வெல்டுக்குப் பின்னும் பாருங்கள். பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே எந்தப் போல்ட்டில் எத்தனை ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) இருந்தது என்று எழுதி வைக்காதவர்கள், கடைசியில் கதவு மூட மறுக்கும்போது வருந்துவார்கள்.

சேசிஸுக்கு 1.6 மி.மீ., பாடிக்கு 0.9 மி.மீ. தகடு பொருந்தும். மிக் வெல்டிங்கே சரி. ஆனால் அதன் காவல் வாயுவை லேசான காற்றும் கலைத்துவிடும். வெல்டு சல்லடையாகும், வெளியே தெரியாது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தார்ப்பாய் மறைப்பில்லாமல் பற்ற வைக்கக் கூடாது. தகட்டின் சூடு பனிப்புள்ளியை (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலையை) விட 3 டிகிரியாவது அதிகமாக இருக்கும்போது எபாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும். இங்கே அது பெரும்பாலும் காலை பத்திலிருந்து பிற்பகல் மூன்று வரை. துருவை எடுக்க மணலைப் பீய்ச்சி பிளாஸ்ட் செய்யும்போது கடற்கரை மணலைத் தொடாதீர்கள். உப்பும் சேரும், சிலிக்கா தூசி நுரையீரலையும் கெடுக்கும். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து மாதக்கணக்கில் விட்டு வைக்கிற பழக்கத்தையும் விட வேண்டும். அது ஈரத்தைக் குடிக்கும்.

உயிரைக் கேட்கும் ஒரு பாகம்

முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது ட்ரன்னியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டீரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழலும். எஃகும் வெண்கலமும் உப்பு நீரில் சேர்ந்தால் அது ஒரு பேட்டரி, கரைவது எஃகு. முதல் மரைப் பள்ளத்தில் விழும் குழியில்தான் விரிசல் தொடங்கும். ஒருநாள் முழுதாக ஸ்டீரிங் ஒடித்து வண்டியைத் திருப்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும்.

இதற்கு கிரீஸ் அல்ல, ஈபி 90 கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் மரைக்குள் இறங்காது, இறுகி நீரைப் பிடித்து வைக்கும். பட்டறைகள் மூன்று தலைமுறையாக கிரீஸ் கன் வைத்தே இந்தத் தண்டுகளைக் கொன்றிருக்கின்றன. கழற்றும்போது இடப்பக்கத் தண்டுக்கு இட மரை, வலப்பக்கத்துக்கு வல மரை என்பதை நினைவில் வையுங்கள். தண்டை மண்ணெண்ணெயில் இருபது நிமிஷம் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தூவினால் விரிசல் இருக்கும் இடத்தில் மண்ணெண்ணெய் கசிந்து கறுப்புக் கோடு விழும். கோடு தெரிந்தால் வெல்டு வைக்கலாமா என்று யோசிக்கவே கூடாது. பழைய இரும்புக் கடைக்குத்தான். நல்லதானால் புது சீல் போட்டு, ஆயில் ஊற்றி, அடிவரை திருகி, ஒரு சுற்றுக்குள் பின்வாங்கி, இருபக்கமும் முழுதாகத் திரும்புகிறதா பார்க்க வேண்டும். இந்தக் கரையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மேலே கசியும் வரை ஆயில்.

என்ஜினில் பார்க்க வேண்டியது ஒன்றே முக்கியம். ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்னே கிராங்க் புல்லியைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிய முன்னும் பின்னும் நகர்ந்தால் கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. அது கழன்று விழுந்தால் கிராங்க், பிளாக் இரண்டும் போகும். மற்றபடி அந்த 948 சிசி என்ஜின் எந்த லேத் பட்டறையும் புரிந்துகொள்ளும் எளிய சாதனம். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் குழாயும் பம்ப் டயாஃப்ரமும் தாங்காது. விட்டான் ரப்பருக்கு மாற்றிவிட வேண்டும். பேட்டரியை வைக்கும் முன் எது எர்த், அதாவது எந்த முனை பாடியோடு இணைகிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த்.

எல்லாம் முடிந்து பெட்டிச் சட்டங்களுக்குள் மெழுகு செலுத்துவார்கள். வெந்நீரில் வைத்து இளக்கினால்தான் இடுக்கில் ஊரும். வடிகால் துளைகளில் தீக்குச்சியைச் செருகிவிட்டுச் செலுத்தி, மறுநாள் உருவிவிடுங்கள். பிறகு வருஷம் ஒருமுறை, தை பிறந்ததும், ஒவ்வொரு துளையிலும் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். கம்பி ஈரமாக வந்தால் அந்தச் சட்டத்தை மழைநீரால் கழுவி, காயவைத்து, மறுபடி மெழுகு செலுத்த வேண்டும்.