துருவத்துக் குவிமாடத்தைப் பனி வென்ற கதை

குவிமாடம் என்றதும் உள்ளே கதகதப்பாக இருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் தென்துருவத்தில் அமெரிக்கர்கள் கட்டி, 1975 ஜனவரியில் திறந்த அமுண்ட்சென்-ஸ்காட் ஆய்வு நிலையத்தின் அலுமினியக் குவிமாடத்துக்குள் கிட்டத்தட்ட வெளியே இருந்த அதே குளிர்தான். அங்கே ஆண்டுச் சராசரியே மைனஸ் 49 டிகிரி. 50 மீட்டர் அகலமும் 16 மீட்டர் உயரமும் கொண்ட அந்தக் கூட்டுக்குள் தனித்தனியாகச் சில கட்டடங்கள், சூடெல்லாம் அவற்றுக்குள் மட்டும். குவிமாடத்தின் தரையே பனி என்பதால் அதைச் சூடாக்கினால் காலடியே உருகிவிடும், அதனால் வேண்டுமென்றே குளிராக விட்டார்கள். உறைந்த உணவுப் பெட்டிகளை அங்கேயே அடுக்கி வைத்தார்கள், தனியாக ஃப்ரீசர் எதற்கு!

சரி, பிறகு எதற்குக் குவிமாடம்? காற்றையும் பனியையும் தடுக்கும் குடை அது. நாலு கம்பிகளை மூலைக்கு ஒரு ஆணி வைத்துச் சதுரமாகப் பூட்டித் தள்ளிப் பாருங்கள், சாய்ந்துவிடும். மூன்று கம்பிகளால் ஆன முக்கோணம் அசையாது. அப்படிப்பட்ட முக்கோணங்களைக் கோத்த கூடு என்பதால் எங்கே எடை விழுந்தாலும் அது பல கம்பிகளுக்குப் பிரிந்து அடிவளையத்துக்கு இறங்கிவிடும், நடுவில் தூணே வேண்டாம், கம்பிகளும் லேசானவை. அப்போது எல்லாமே விமானத்தில்தான் வர வேண்டியிருந்த இடத்தில் இது பெரிய விஷயம்.

உருண்டை வடிவத்துக்கு இன்னொரு லாபமும் உண்டு. 5 மீட்டர் ஆரமுள்ள அரைக்கோளத்தின் வெளிப்பரப்பு சுமார் 157 சதுர மீட்டர், அதே தரையளவும் கொள்ளளவும் உள்ள சதுரப் பெட்டி வீட்டுக்குச் சுவரும் கூரையும் சேர்ந்து 197 வரை போகும். வெளிப்பரப்பு குறைந்தால் வெப்பம் தப்பும் வழியும் குறையும், பனிக்கட்டிகளால் கட்டும் இக்லூ வீடு இதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது.

ஆனால் தென்துருவக் குவிமாடம் தோற்றது பனியிடம்தான், இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பாடம். துருவத்தில் பெய்யும் பனி கொஞ்சம்தான், ஆனால் அது உருகுவதே இல்லை. அப்புறம், தரையோடு ஒட்டி நிற்கும் எதில் மோதினாலும் காற்று அதன் பின்பக்கம் வேகம் இழந்து, சுமந்து வந்த பனியை அங்கேயே கொட்டிவிடும். எவ்வளவு வாரினாலும் குவியல் ஏறிக்கொண்டே போனது. 2009-10 கோடையில் குவிமாடத்தைக் கழற்றிவிட்டார்கள்.

2008இல் திறந்த புதிய நிலையம் தூண்கள்மேல் நிற்கும் நீளமான கட்டடம். காற்று வரும் பக்கத்து விளிம்பு சரிவாக இருப்பதால் காற்று அடியில் நெருக்கிப் புகுந்து, வேகம் கூடி, பனியை அள்ளிக்கொண்டு போய்விடும். அதையும் மீறிப் பனி ஏறினால் ஜாக்கி வைத்துக் கட்டடத்தையே உயர்த்திக்கொள்ளலாம்.