பிக்டோகிராம்: தமிழில் படக்குறி

ஸ்பெயின் நாட்டில் பல ஊர்களில், நடந்து போகிறவர்கள் சாலையைக் கடக்கும் வெள்ளைப் பட்டைகளின் மேல் வரிசையாக நான்கு படங்களைத் தரையிலேயே வரைந்து வைத்திருக்கிறார்கள். நில். பார். கார் நின்றுவிட்டது. கடந்து போ. நான்கு கட்டம், நான்கு செய்தி, அவ்வளவுதான். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் தனியாகச் சாலையைக் கடக்கப் பழகுவதற்காகப் போட்டவை இவை. மூன்றாவது படத்தைக் கவனியுங்கள். 'கவனமாகக் கட' என்று மொட்டையாகச் சொல்லாமல், எப்போது கடக்கலாம் என்பதையே அது சொல்கிறது. 'கவனம்' என்பதைப் படமாக வரைய முடியாது. நின்றுபோன காரை வரைய முடியும்.

இப்படி ஒரு பொருளையோ செயலையோ இடத்தையோ எளிய கோட்டுருவமாக்கி, எழுத்து தெரியாதவரும் பேச்சு வராதவரும் அந்த ஊர் மொழி அறியாதவரும் புரிந்துகொள்ளும்படி வைக்கும் படத்துக்குத்தான் பிக்டோகிராம் என்று பெயர்.

சொல் பிறந்த கதை கொஞ்சம் கலப்புத் திருமணம் மாதிரி. முன்பாதி 'பிக்டஸ்' லத்தீன். 'தீட்டப்பட்டது' என்று பொருள். பின்பாதி 'கிராம்மா' கிரேக்கம்; 'எழுதப்பட்டது' என்று பொருள். தந்தியைக் குறிக்கும் டெலிகிராமிலும் இதே பின்பாதிதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் முதலில் புழங்கியது பிக்டோகிராஃப். பாறை ஓவியங்களையும் பழங்குடிகளின் பட எழுத்துகளையும் ஆராய்ந்தவர்கள் அந்தச் சொல்லைக் கையாண்டார்கள். 'எழுத்து வருவதற்கு முந்தைய கட்டம்' என்கிற ஒருவிதத் தாழ்வும் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தத் தாழ்வைத் துடைத்தவர் வியன்னாக்காரர் ஓட்டோ நியூராத். 1925-இல் அவர் தொடங்கிய சமூக, பொருளியல் அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் உழைக்கும் மக்கள். அட்டவணையில் அடுக்கிய எண்கள் அவர்கள் மனதில் நிற்காது என்பதால் எண்களைப் படமாக்கினார். ஒரு விதியில் மட்டும் அவர் கறாராக இருந்தார்: எண்ணிக்கை கூடினால் படத்தைப் பெரிதாக்கக் கூடாது, அதே அளவுப் படத்தை இன்னும் சில தடவை போட வேண்டும். படங்களைச் செதுக்கிக் கொடுத்தவர் கெர்ட் ஆர்ன்ட்ஸ். தகவலைப் படமாக மாற்றும் இடைவேலையைப் பார்த்தவர் மரீ ரைடமைஸ்டர், பின்னாளில் மரீ நியூராத். நம் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் வரும் 'பட விளக்கப்படம்' இந்த வழிவந்ததுதான்.

அங்கிருந்து பொருள் விரிந்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு படம் போட்டார்கள். வந்தவர்களுக்கு ஜப்பானிய எழுத்து தெரியாது என்பதே காரணம். 1969-இல் ஓடத் தொடங்கிய மெக்சிகோ நகர மெட்ரோவில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படம் உண்டு. சபுல்தெபெக் என்றால் வெட்டுக்கிளிக் குன்று. அந்த நிலையத்தின் படம் வெட்டுக்கிளி. நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1951 கணக்கெடுப்பின்போது படிப்பறிவு நூற்றுக்குச் சுமார் 18 பேருக்குத்தான் இருந்தது. அதனால் 1951–52 பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து, பெட்டியில் சின்னத்தை ஒட்டினார்கள். சின்னங்கள் பலவற்றைப் பென்சிலால் வரைந்த எம். எஸ். சேத்தி, தேர்தல் ஆணையத்திலிருந்து 1992-இல் ஓய்வுபெற்றார்.

சரி, மாற்றுத்திறனாளிகளுக்கும் இந்தச் சொல்லுக்கும் உள்ள உறவுக்கு வருவோம். எல்லோரும் பார்த்திருக்கும் சக்கர நாற்காலிப் படம், நீலத்தில் வெள்ளை, 1968-இல் பிறந்தது. சூசன்னா கோஃபோட் என்ற டென்மார்க் மாணவி, ஸ்காண்டினேவிய வடிவமைப்பு மாணவர்களின் பட்டறை ஒன்றில் வரைந்தார். அவர் வரைந்ததில் ஆளே கிடையாது, நாற்காலி மட்டும்தான். சின்னத்தைத் தேர்ந்தெடுத்த குழுவின் தலைவராக இருந்த கார்ல் மோன்டன் மேலே ஒரு வட்டம் சேர்த்தார். அந்த ஒரு வட்டத்தில் நாற்காலி மனிதராகிவிட்டது. 1969-இல் டப்ளினில் நடந்த மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வு உலக மாநாட்டில் இது ஏற்கப்பட்டது.

இருந்தாலும் அந்த உருவத்தில் ஒரு விறைப்பு உண்டு. நாற்காலியின் முதுகும் மனிதரின் முதுகும் ஒரே கோடு; கை ஒரு கட்டை போல நீட்டிக்கொண்டிருக்கும். யாராவது தள்ளினால்தான் நகரும் என்பது போலத் தோன்றும். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்தில் சாரா ஹென்ட்ரன் என்ற கலைஞரும் பிரையன் கிளென்னி என்ற தத்துவப் பேராசிரியரும், முன்னால் சாய்ந்து, கையைப் பின்னுக்கு வீசித் தானே சக்கரத்தைத் தள்ளும் உருவம் ஒன்றைச் செய்தார்கள். பழைய பலகைகளின் மேல், அடியில் இருப்பது தெரியும்படி, ஸ்டிக்கராக ஒட்டிக்கொண்டே போனார்கள். 2014-இல் நியூயார்க் மாநிலம் அதைச் சட்டப்படி எடுத்துக்கொண்டது. மாற்றுத்திறனாளிகளிலேயே சிலர் இதை ஏற்கவில்லை. எல்லோரும் பந்தய வீரரா, கையை அசைக்க முடியாதவர் இந்தப் படத்தில் எங்கே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. எந்தப் படமும் யாரையாவது வெளியே விடும். வரையும்போது பயன்படுத்தப்போகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

வழிகாட்டும் படம் ஒரு வகை. பேசும் படம் இன்னொரு வகை. இந்தச் சொல்லின் இன்றைய உயிர் அதில்தான் இருக்கிறது என்பேன். சார்ல்ஸ் பிளிஸ் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் 1897-இல் பிறந்தவர். நாஜி முகாம்களிலிருந்து வெளிவந்து, ஷாங்காயில் சீன எழுத்தைப் பார்த்து, 'உலகம் முழுவதற்கும் ஒரே பட மொழி' என்ற கனவோடு ஆஸ்திரேலியாவில் குடியேறினார். 1949-இல் தன் முறையை வெளியிட்டார். இதயம் வரைந்து பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு போட்டால் மகிழ்ச்சி, கீழ்நோக்கிப் போட்டால் வருத்தம். உலகம் கண்டுகொள்ளவில்லை. 1971-இல் கனடாவின் டொராண்டோவில் ஷெர்லி மெக்நாட்டன் என்ற ஆசிரியர், மூளை முடக்குவாதத்தால் பேச முடியாத குழந்தைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார்; குழந்தைகள் படங்களைச் சுட்டி வாக்கியம் பேசினார்கள். பிளிஸ் முதலில் மகிழ்ந்தார், அப்புறம் 'என் குறிகளை மாற்றுகிறார்கள்' என்று சண்டைக்குப் போனார். கனவு கண்டவர் உலகத்துக்காக வரைந்தார். அது போய்ச் சேர்ந்த இடம் ஒரு வகுப்பறை. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

இன்று இந்த வேலை பெரும்பாலும் திரையில் நடக்கிறது. ஸ்பெயினின் அராகோன் மாநில அரசு நடத்தும் 'அராசாக்' தொகுப்பில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. வரைந்தவர் செர்ஹியோ பாலாவோ. வணிகத்துக்கு இல்லாமல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தலைமுடி நிறம், தோல் நிறம் மாற்றலாம். பன்மைக்கு மூலையில் ஒரு கூட்டல் குறி, காலத்துக்கு ஓர் அம்பு. ஸ்பெயின் சாலைகளில் இருப்பவையும் இந்தத் தொகுப்பின் படங்களே. தமிழ்நாட்டிலேயே பிறந்தது 'ஆவாஸ்'. சென்னைக்காரர் அஜித் நாராயணன், மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து முதலில் ஒரு தனிக் கருவியாகச் செய்தார். பிறகு அது டேப்லெட்டில் ஓடும் செயலியானது. படத்தைத் தொட்டால் அது குரலில் பேசும். தமிழிலும் பேசும்.

இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் படங்களை மூன்றாகப் பிரிப்பார்கள். பார்த்ததும் புரிவது, சொன்னபின் புரிவது, பழகினால்தான் புரிவது. 'பந்து' முதல் வகை. 'தூக்கம் வருகிறது' இரண்டாம் வகை என்று வைத்துக்கொள்ளலாம். 'இன்னும்', 'வேண்டாம்', 'ஏன்' எல்லாம் மூன்றாம் வகை. ஒரு குழந்தைக்கு நாள் முழுக்க அதிகம் தேவைப்படுவது இந்த மூன்றாம் வகைதான். படம் என்றால் தானாகப் புரியும், கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்கிற நினைப்பு இங்கேதான் இடறுகிறது. உணவகத்துக்கான பன்னாட்டுப் படம் முள்கரண்டியும் கத்தியும். கையால் பிசைந்து சாப்பிடும் வீட்டுக் குழந்தைக்கு அதுவும் பழகினால்தான் புரியும் வகை.

இதைச் சொல்லியாகிவிட்டதால் தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது எளிது. புழக்கத்தில் பல இருக்கின்றன. 'சித்திர எழுத்து', 'படவெழுத்து' இரண்டும் எகிப்து, சீனம் போன்ற பழைய எழுத்துமுறைகளுக்கு ஏற்கெனவே போய்விட்டன. ஈமோஜிக்கு வேண்டுமானால் படவெழுத்து அப்படியே பொருந்தும்: ஜப்பானிய மொழியில் 'ஏ' என்றால் படம், 'மோஜி' என்றால் எழுத்து. ஆங்கிலத்தில் உணர்ச்சியைக் குறிக்கும் சொல்லுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. 'சின்னம்' என்றால் நமக்குத் தேர்தல்தான் நினைவுக்கு வரும். 'குறியீடு' மிகவும் விரிந்தது. கணினி நிரலிலிருந்து கவிதைத் திறனாய்வு வரை அதற்குள் அடங்கும்.

'உருவெழுத்து' ஆசையைத் தூண்டும் சொல். யாப்பருங்கலம் என்ற செய்யுள் இலக்கண நூலின் விருத்தியுரை காட்டும் பழைய நூற்பா ஒன்று, கண்ட உருவங்களையெல்லாம் தேர்ந்த ஓவியன் கைவினை போல எழுதிக் காட்டுவதே உருவெழுத்து என்கிறது. எழுதுவதும் வரைவதும் தமிழில் ஒரே வினைதானே; கண்ணுக்கு மை எழுதுகிறோம், பாவை எழுதுகிறோம். பரிபாடல் சொல்லும் திருப்பரங்குன்றத்து 'எழுத்துநிலை மண்டபம்' ஓவிய மண்டபம்தான். அங்கே வந்தவர்கள் படங்களைப் பார்த்து இது யார், அது யார் என்று கேட்கிறார்கள். தெரிந்தவர்கள், இந்தப் பூனை இந்திரன், இவள் அகலிகை என்று விளக்குகிறார்கள். பூனையாக நிற்பவன் இந்திரன் என்பது பார்த்ததும் புரியாது, சொன்னபின்தான் புரியும். ஆனாலும் உருவெழுத்து என்பதில் கண்டதைக் கண்டபடி, நுணுக்கமாக வரைவதே நோக்கம். நமக்கு வேண்டியது நேர் எதிர்: வேண்டாததையெல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் வைப்பது.

ஆகவே 'படக்குறி'. குறி என்ற சொல்லில் இரண்டு பேர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டது என்ற பொருள் இருக்கிறது. அகப்பாடல்களில் தலைவனும் தலைவியும் சந்திக்கக் குறித்துவைத்த இடம் பகற்குறி, இரவுக்குறி. அந்த இருவருக்கு மட்டும் அது தெரியும். கேள்விக்குறியும் நாம் ஒப்புக்கொண்டதால்தான் கேள்வி கேட்கிறது. படம் பாதி வேலை செய்யும். மீதி, பழக்கமும் ஒப்புதலும். 'படக்குறி' இரண்டையும் ஒரே சொல்லில் வைக்கிறது. படக்குறிப் பலகை, படக்குறித் தொகுப்பு, படக்குறி அட்டை என்று நீட்டவும் எளிது.

படக்குறிப் பலகையைத் தமிழில் பயன்படுத்தத் தொடங்கினால் ஒரு சிக்கல் உடனே முளைக்கும். ஆங்கிலத்தில் நான், வேண்டும், தண்ணீர் என்று மூன்று படத்தை அந்த மொழியின் வரிசையில் தொட்டால் சரியான வாக்கியம் வந்துவிடும். தமிழில் வரிசையை மாற்றித் தொட்டாலும் 'நான் தண்ணீர் வேண்டும்' என்றுதான் கேட்கும். 'எனக்கு' வர வேண்டிய இடத்தில் 'நான்' நிற்கிறது. 'நான்' என்பதற்குக் குழந்தை தன் மார்பைத் தொடும் படம் போட்டிருப்போம். நான்காம் வேற்றுமை உருபுக்கு என்ன படம் போடுவது? 'எனக்கு' என்றே தனிப் படக்குறி வைப்பது ஒரு வழி. படக்குறியின் கீழே எழுதும் சொல்லை நாமே மாற்றுவது இன்னொன்று. சொல்லுக்குச் சொல் 'யார்?', 'என்ன?', 'யாருக்கு?' என்று கேள்வியால் கோத்து, வாக்கியத்தைக் கருவியே கட்டட்டும் என்று அஜித் நாராயணன் பின்னாளில் ஒரு முறையை முன்வைத்தார். வேற்றுமையைக் கேள்வியாக்கிச் சொல்லிக்கொடுத்த நம் தமிழ் வாத்தியார்கள் இதைக் கேட்டால் தலையாட்டுவார்கள். மொழிபெயர்த்த பலகையை அப்படியே அச்சடித்து ஒட்டிவிட்டுக் குழந்தை பேசவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதைவிட, முதல் பலகையை 'எனக்கு', 'வேண்டாம்', 'போதும்', 'வலிக்குது', 'இன்னும் கொஞ்சம்' என்று நம் வீட்டுப் பேச்சிலிருந்து தொடங்குவது நல்லது. இட்லிக்கும் ரசத்துக்கும் ஒரு போட்டோவே போதும்.

கடைசியாக ஒன்று. படக்குறி பார்வையற்றவருக்கு எதையும் சொல்லாது. திரையில் வைக்கும்போது அதற்குப் பின்னால் மாற்றுரை, அதாவது படத்துக்குப் பதிலாகப் படிக்கப்படும் சொற்கள், எழுத வேண்டும். திரைவாசிப்பான் அதைத்தான் படித்துச் சொல்லும். ஈமோஜிகளுக்குப் பெயர் ஏற்கெனவே உள்ளிருப்பதால், வரிசையாகப் பத்துச் சிரிப்பு முகம் போட்டால் அதன் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்க நேரிடும். 2019-இல் காது கேட்புக் கருவி, செயற்கைக் கை, வழிகாட்டி நாய், வெண்கோல் ஊன்றிய மனிதர் எல்லாம் ஈமோஜிகளாக வந்து சேர்ந்தன. நாமே செய்து போடும் படக்குறிகளுக்கு அந்த வசதி கிடையாது; பெயரை நாம்தான் எழுத வேண்டும். அங்கே 'சக்கர நாற்காலிப் படம்' என்று எழுதுவது பாதி வேலைதான். 'சாய்தளம் இடது பக்கம்' என்று எழுதுங்கள்.