அகலப் பலகைக்கு நீளமான பார்: மாட்டும் முன் போட வேண்டிய கணக்கு

“இந்த மெஷினில் 36 அங்குல பார் மாட்டலாமா?” செயின் சாவில் பலகை அறுக்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். பார் என்பது செயின் சுற்றி ஓடுகிற நீளமான இரும்புத் தகடு. பல மெஷின்களில் மாட்டலாம். போல்ட்டுக்குப் பொருந்தும், செயினும் சுற்றும். ஆனால் மாட்ட முடிவது வேறு, அறுக்க முடிவது வேறு. 30 அங்குல அகலத்துக்கும் பற்கள் மரத்தில் பதிந்திருக்க, த்ராட்டிலை முழுக்க அழுத்தியபடி 10, 15 நிமிடம் ஓடினால் இந்த எஞ்சின் தாங்குமா? கேட்க வேண்டிய கேள்வி அது.

செயின் சா பழுது பார்ப்பதும் பலகை அறுப்பதும் என் தொழில். பிஸ்டன் கீறிப்போய், ஆயில் பம்ப் உருகிப்போய் வருகிற மெஷின்களைப் பிரிக்கும்போது நான் முதலில் விசாரிப்பது அதில் எவ்வளவு நீள பார் இருந்தது, என்ன வேலை பார்த்தார்கள் என்பதைத்தான். சிறிய எஞ்சின், பெரிய பார், அகலமான மரம் என்ற மூன்றும் சேர்ந்து வருவதை அடிக்கடி பார்க்கிறேன். இவை பெரும்பாலும் தவிர்த்திருக்கக்கூடிய பழுதுகள். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

அளவிலிருந்து தொடங்குவோம். பார் மேல் 36 என்று இருந்தால், மெஷின் உடம்பின் முன்விளிம்பிலிருந்து மூக்கு வரை ஏறக்குறைய 36 அங்குலம் என்று பொருள். பாரின் இரு முனையையும் பிடித்துக்கொண்டு மரத்தின் மேல் நகர்கிற சட்டத்தை அலாஸ்கன் மில் என்பார்கள். அதைப் பூட்டியதும் இந்த நீளம் குறைகிறது. மெஷின் பக்கத்தில் ஒரு பிடி, மூக்குப் பக்கத்தில் இன்னொரு பிடி, அதற்கு மேல் மூக்கு மறைப்பு. எல்லாமாகச் சேர்ந்து 4 முதல் 6 அங்குலம் வரை தின்றுவிடும். 36 அங்குல பாரில் 30, 31 அங்குலப் பலகை வந்தால் சரியான கணக்கு. மெஷினின் முன்னால் உள்ள முள்தகடுகளைக் கழற்றினால் ஓர் அங்குலம் போலத் திரும்பக் கிடைக்கும். இடத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து மூக்கிலுள்ள சக்கரத்தின் மேலேயே பிடியை இறுக்குகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் சக்கரம் நசுங்கிச் சுற்றாமல் நிற்கும், பாரின் முனை சூடேறி வீணாகும். பிடி சக்கரத்துக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும்.

மரத்தை எங்கே அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். நடுவில் 28 அங்குலம் இருக்கிற கட்டை, வேர் பிரிகிற அடிப்பக்கத்தில் 33, 34 இருக்கும். கிளை பிரிகிற கவையிலும் அப்படித்தான். நடுவை அளந்து பார் வாங்கினால், அறுப்பு பாதி தூரம் போனபின் சட்டம் மரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கடைசி சில அங்குலங்களுக்காக இன்னும் 6 அங்குலம் கூடுதலான பார் வாங்குவதை நான் ஆதரிப்பதில்லை. அடிப்பெருக்கைப் பக்கவாட்டில் செதுக்கிவிடுங்கள், இல்லையென்றால் அந்தத் துண்டைத் தனியாக வெட்டி எடுங்கள். பட்டையையும் உரித்துவிடுங்கள். அதில் மட்டுமே ஓரிரு அங்குலம் குறையும். பட்டைக்குள் ஒளிந்திருக்கும் மணலும் கல்லும் பல்லைத் தீண்டாமலும் போகும். கவையில் கிடைக்கிற சுருள் ரேகைக்காகவே மேசைப் பலகை அறுக்கிறவர்களுக்கு மட்டும் இந்த அறிவுரை பொருந்தாது. அவர்களுக்கு அந்த அகலம்தான் மரத்தின் மதிப்பு. அவர்கள் நீள பார் வாங்கத்தான் வேண்டும், அதற்கேற்ற எஞ்சினும் வேண்டும்.

எஞ்சின் விஷயத்தில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். மரத்தைக் குறுக்கே அறுக்கும்போது எஞ்சின் முழு வேகத்தில் ஓடுவது சில நொடிகள், மிஞ்சினால் ஒரு நிமிடம். பிறகு ஓய்வு. பலகை அறுப்பில் அந்த ஓய்வே கிடையாது. அதோடு, சட்டத்தைக் கட்டையின் நீளவாக்கில் தள்ளும்போது பல் ஒவ்வொன்றும் நார்களின் முனையை எதிர்கொள்கிறது. மரம் அதிக எதிர்ப்புக் காட்டுகிற திசை அது. குறுக்கறுப்பில் செதில் செதிலாக விழுகிற மரம் இங்கே மாவாக விழுவது அதனால்தான்.

அகலம் கூடக்கூட ஒரே நேரத்தில் மரத்துக்குள் இருக்கும் பற்கள் கூடும். நீள பாரில் செயின் உரசுகிற தூரமும் கூடும். சிறிய எஞ்சின் திணறும், வேகம் விழும். மெஷினுக்குக் குளிர்ச்சி தருவது ஃப்ளைவீலில் உள்ள விசிறிதான். எஞ்சினின் வேகம் விழுந்தால் விசிறியின் வேகமும் விழும். வெப்பம் மிக அதிகமாக உண்டாகிற நேரத்தில் காற்று மிகக் குறைவாக வருகிறது. அதற்குள் கிளட்ச்சும் வழுக்கத் தொடங்கும். கிளட்ச் டிரம் பழுக்கக் காய்ந்தால் அதன் பின்னால் உள்ள ஆயில் பம்ப்பின் பிளாஸ்டிக் பற்சக்கரம் தாங்காது. எந்த ஒரு பகுதியும் தானாகக் கெட்டுப்போவதில்லை, ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு போகிறது.

என் அனுபவத்தில் நான் வைத்திருக்கும் வரம்பு இது. 60 சிசி அளவுள்ள மெஷினுக்கு 18, 20 அங்குல அறுப்பு போதும், அதிலும் மென்மரம் என்றால்தான் நிம்மதி. 70 முதல் 80 சிசி வரை என்றால் 24, மிஞ்சினால் 28 அங்குலம். 30 அங்குலத்தைத் தாண்டி அறுக்க 90 சிசிக்குக் குறைந்து போகாதீர்கள். ஸ்டீல் (Stihl) நிறுவனத்தின் எம்.எஸ். 661 மெஷினில் 91.1 சிசி, ஹஸ்க்வர்னா 395 எக்ஸ்.பி. மெஷினில் 93.6 சிசி. இந்த வகையில் 36 அங்குல பார் நியாயமான துணை. 42 அங்குலமும் அதற்கு மேலும் என்றால் ஸ்டீல் எம்.எஸ். 881 (121.6 சிசி), ஹஸ்க்வர்னா 3120 எக்ஸ்.பி. (118.8 சிசி) போன்ற பெரிய எஞ்சின்கள் வேண்டும். பார் இல்லாமலே 10 கிலோவை ஒட்டிய எடை. மரம் வைரம் பாய்ந்ததாக இருந்தால் அறுப்பின் அகலத்தில் ஒரு படி கீழே இறங்கி யோசியுங்கள். மெஷினின் கையேட்டில் போட்டிருக்கும் அதிகபட்ச பார் நீளம் குறுக்கறுப்பை மனத்தில் வைத்துச் சொன்னது. அதைப் பலகை அறுப்புக்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒவ்வொரு வரிசை முடிந்ததும் எஞ்சினை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். கார்புரேட்டரைக் கையால் திருகுகிற மெஷின் என்றால் பெட்ரோலைச் சற்றுத் தாராளமாக விடும்படி அமைப்பது நல்லது. பெட்ரோல் குறைந்த கலவையில் வேகம் நன்றாக இருப்பது போலத் தோன்றும், பிஸ்டன் கீறுவதும் அந்த அமைப்பில்தான். மாவுத்தூள் ஏர் ஃபில்டரை வெகு சீக்கிரம் அடைக்கும். டேங்க் நிரப்பும்போதெல்லாம் ஃபில்டரையும் தட்டிவிடுங்கள்.

அடுத்தது செயின். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது குறுக்கறுப்புக்கானது, பல்லின் மேல்தகடு 30 டிகிரி சாய்வில் இருக்கும். நெடுக்கறுப்புச் செயினில் இந்தச் சாய்வு 10 டிகிரி. பல் பக்கவாட்டில் இழுக்காது, பலகையின் முகம் சீராக வரும், பிறகு இழைக்கிற வேலை குறையும். புதிதாக வாங்க முடியாவிட்டால் இருக்கிற செயினையே அரம் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சாய்வுக்குக் கொண்டுவரலாம்.

பற்களின் நெருக்கத்தையும் பாருங்கள். 3/8 அங்குல பிட்ச் (அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் தூரத்தில் பாதி) உள்ள முழுப்பல் செயினில் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு பல். 30 அங்குல அறுப்பில் 20 பற்கள் ஒரே நேரத்தில் மரத்தைத் தின்கின்றன. பற்களுக்கு நடுவில் இடைவெளி கூட்டிய ஸ்கிப் செயினில் இரண்டேகால் அங்குலத்துக்கு ஒரு பல், அதே அகலத்தில் 13 பற்கள்தான். எஞ்சினின் சுமை குறைகிறது. இன்னொரு நன்மையும் உண்டு. அகல அறுப்பில் ஒரு பல் சீவிய தூளை மரத்தின் மறு ஓரம் வரை அதுவேதான் சுமந்து போக வேண்டும். பற்களுக்கு நடுவில் இடம் இல்லையென்றால் தூள் அடைத்துக்கொண்டு, பல் மரத்தைத் தொடாமலே வழுக்கும். 28 அங்குலத்துக்கு மேல் நான் ஸ்கிப் செயினையே கேட்கிறேன். முகம் சற்றுக் கரடாக வந்தாலும் பரவாயில்லை.

ஆயிலைப் பற்றி யாருமே கேட்பதில்லை. மெஷினுக்குள்ளிருந்து வரும் ஆயில் செயினில் ஏறி, பாரின் மேல்விளிம்பு முழுக்கப் பயணித்து, மூக்கைச் சுற்றித் திரும்பிய பிறகுதான் மரத்துக்குள் நுழைகிறது. வேகமாகச் சுற்றும் செயின் அந்த மூக்கின் திருப்பத்தில் ஆயிலில் பெரும்பகுதியைச் சிதறிவிடும். பார் நீளமாக நீளமாக, உண்மையில் அறுக்கிற பகுதிக்கு வந்து சேருவது குறைந்துகொண்டே போகும். அதனால்தான் பலகை அறுக்கிறவர்கள் மூக்குப் பக்கத்தில் ஒரு சிறு ஆயில் டப்பாவைக் கட்டி, குழாய் வழியாகச் செயின் மேல் சொட்டவிடுகிறார்கள். செயின் மரத்துக்குள் நுழைகிற இடத்துக்குச் சற்று முன்னால் அந்தச் சொட்டு விழ வேண்டும். 30 அங்குலத்துக்கு மேற்பட்ட பாருக்கு இதைக் கட்டாயம் என்றே சொல்வேன். பாரின் விளிம்பு நீலம் பாய்ந்திருந்தால் அது ஆயில் இல்லாமல் ஓடியதன் அடையாளம். அந்த இடத்தில் இரும்பு பதம் இழந்துவிட்டது, இனி வேகமாகத் தேயும்.

வாங்கும்போது பொருந்த வேண்டியவை நான்கு. பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் (பாரின் காடிக்குள் ஓடும் கண்ணி) எண்ணிக்கை, பாரின் வால்பகுதி (மெஷினில் பூட்டும் முனை). 3/8 செயின் போட்ட மெஷினில் .404 செயினை மாட்டினால் செயினை இழுக்கும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் உட்காராது. கேஜ் என்பது பாரின் காடிக்குள் ஓடும் தகட்டின் கனம், .050, .058, .063 அங்குலங்களில் வரும். .063 காடியில் .050 செயினைப் போட்டால் செயின் சாய்ந்து ஓடி, பலகையே கோணலாகும். செயினின் நீளத்துக்கு ஒரு கணக்கு: 3/8 பிட்ச்சில் ஒரு டிரைவ் லிங்க் முக்கால் அங்குலத்தை அடைக்கிறது. பார் 6 அங்குலம் கூடினால் செயின் 12 அங்குலம் கூட வேண்டும், அதாவது 16 லிங்க். இருந்தும் பார் மேல் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் ஒன்றிரண்டு மாறும். வால்பகுதியில் போல்ட் துளை பொருந்தினால் மட்டும் போதாது. ஆயில் துளை மெஷினின் ஆயில் வாய்க்கு நேரே வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். வேறு மெஷினுக்கான பாரை எப்படியோ பொருத்தி ஓட்டுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

நீள பார் நடுவில் வளையும். தகடுகளை அடுக்கி ஒட்டிய லேமினேட் பாரைவிட ஒரே இரும்பில் செய்த சாலிட் பார் விறைப்பாக இருக்கும், விலையும் எடையும் கூடும். பலகை நடுவில் அலை அலையாக வந்தால் பாரைக் குறை சொல்வதற்கு முன்னால் பற்களைப் பாருங்கள். இடப்பக்கப் பற்களும் வலப்பக்கப் பற்களும் ஒரே நீளத்தில் இல்லையென்றால் செயின் ஒரு பக்கமாகவே மூழ்கும். 20 அங்குலத்தில் கண்ணுக்குத் தெரியாத இந்தக் கோளாறு 36 அங்குலத்தில் நன்றாகத் தெரியும்.

60 அங்குலம் போன்ற அகலங்களுக்கு இருபுறமும் எஞ்சின் மாட்டுகிற இரட்டை பார்கள் இருக்கின்றன. அது இருவர் ஒத்துழைத்துச் செய்கிற வேறு தொழில், இந்தக் கட்டுரையில் அதற்கு இடமில்லை.

உடம்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். செயின் அறுந்தால் அது பார் இருக்கும் தளத்தில்தான் பாயும். உதவிக்கு நிற்பவர் அந்த நேர்க்கோட்டில் நிற்கக் கூடாது. மூக்குப் பக்கம் பிடிக்க ஆள் தேவைப்பட்டால் அதற்கென உள்ள கைப்பிடியைப் பொருத்தி, மூக்கு மறைப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே பிடிக்கச் சொல்லுங்கள். ஆப்பு அடிக்காமல் முன்னேறாதீர்கள். அறுத்த பலகை கீழே அமர்ந்து பாரைக் கவ்வும், அதை இழுக்கிற முயற்சியில்தான் காயங்கள் நடக்கின்றன. கட்டையைச் சற்றுச் சரிவாகக் கிடத்தினால் மெஷினின் எடையே அறுப்பை முன்னே கொண்டுபோகும், தோள் பிழைக்கும்.

பலகை அறுப்பில் எஞ்சின் புகையும் மாவுத்தூளும் முகத்துக்கு நேரே வரும், நேரமும் அதிகம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்திருக்கிறது. மூக்கில் கட்டிய துணி போதாது, நுண்தூளைத் தடுக்கிற முகமூடி போடுங்கள். அது தூளைத்தான் தடுக்கும், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. அதனால் காற்று உங்கள் முதுகிலிருந்து வீசும்படி நில்லுங்கள், கூரைக்கு அடியில், சுவர்களுக்கு நடுவில் அறுக்காதீர்கள். சத்தம் 110 டெசிபலை ஒட்டி இருக்கும். காதுக்குள் அடைப்பு, வெளியே கவசம் என இரண்டும் போட்டுக்கொள்வது மிகை அல்ல. வேலை முடிந்த பிறகும் விரல் நுனிகள் மரத்துப்போய் வெளுத்திருந்தால் அதை அசதி என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதிர்வால் வரும் பாதிப்பு முற்றினால் திரும்பாது.

எப்போதோ ஒருமுறை கிடைக்கிற பெருமரத்துக்காகப் பெரிய எஞ்சினும் நீள பாரும் வாங்க நினைக்கிறவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. அறுப்பு மில் வைத்திருப்பவரிடம் கட்டையைக் கொண்டுபோகலாம். கட்டையை நடுவில் பிளந்துவிட்டு, இரண்டு பாதிகளிலும் சிறிய பாரிலேயே பலகை எடுக்கலாம். நடுக்குருத்து பலகைக்குள் இருந்தால் காயும்போது அந்த இடத்தில்தான் வெடிப்பு விழும், ஆகவே பிளப்பதில் பலகைக்கும் ஆதாயம் உண்டு. அகலப் பலகைதான் வேண்டும் என்றால், காயும்போது வளைவதையும் இழைப்பதில் போவதையும் சேர்த்து அரை அங்குலமாவது கனம் கூட்டி அறுங்கள்.

நாள் முடிவில் மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. அறுக்கும்போது சூட்டில் செயின் நீளும், நடுநடுவே இறுக்கியிருப்பீர்கள். அந்த இறுக்கத்தோடே மெஷினை வைத்துவிட்டுப் போனால் ஆறும்போது செயின் சுருங்கி, பாரையும் கிராங்க் ஷாஃப்டின் பேரிங்கையும் இழுத்துப் பிடிக்கும். செயின் நீளமாக இருப்பதால் சுருக்கமும் அதிகம். மெஷினை உறையில் போடும் முன் செயினைத் தளர்த்திவிடுங்கள், மறுநாள் குளிர்ந்த நிலையில் புதிதாக இறுக்கிக்கொள்ளலாம்.