பெயர்ந்த எபாக்சித் துண்டைப் பெருக்கித் தள்ளாதீர்கள்

கான்கிரீட் தரைமேல் போட்ட எபாக்சி (இரண்டு திரவங்களைக் கலந்து பூசும், இறுகிப்போகும் பிசின் பூச்சு) பெயர்கிறது என்று யாராவது போன் செய்தால், நான் முதலில் கேட்பது பெயர்ந்த துண்டைத்தான். பெரும்பாலும் அதற்குள் குப்பைக்குப் போயிருக்கும். எனக்கு மனம் கிடந்து அடித்துக்கொள்ளும், ஏனென்றால் பாதி விடை அந்தத் துண்டின் அடியில்தான் இருக்கிறது.

துண்டைத் திருப்பிப் பாருங்கள். அடியில் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் படலம் ஒட்டியிருந்தால், எபாக்சி நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. கான்கிரீட்டின் மேல்தோல்தான் விட்டுவிட்டது. கான்கிரீட் போடும்போது மேலே மிதந்து வரும் சிமெண்ட் பாலைக் கிரைண்டிங் செய்து எடுக்காமல் அப்படியே பூசியிருப்பார்கள். அடிப்பக்கம் வழவழவென்று சுத்தமாக இருந்தால் எண்ணெய், தூசி, ஈரம் இவற்றில் ஏதோ ஒன்று ஒட்டவே விடவில்லை. பெயர்ந்த இடத்தில் பிரைமர், அதாவது முதலில் பூசும் அடிப்பூச்சு, தெரிந்தால், இரண்டு கோட்டிங்குக்கு நடுவில் தவறு நடந்திருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒரே தரையை இரண்டு முறை சுரண்டிப் பூசியிருந்தார்கள். இரண்டு முறையும் சில மாதங்களில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கொப்புளங்கள். பழி முழுக்கப் பூசியவர் மேல். ஒரு கொப்புளத்தில் துளை போட்டேன். உள்ளேயிருந்து தண்ணீர் கசிந்தது. லிட்மஸ் தாளை வைத்ததும் சிவப்பு நீலமானது. கான்கிரீட்டின் காரத்தோடு கீழேயிருந்து வந்த ஈரம் அது. விசாரித்தால், மண்ணின் ஈரம் மேலே ஏறாமல் தடுக்கத் தரைக்கு அடியில் பாலிதீன் ஷீட்டே விரிக்கவில்லை. அப்படியிருக்க, மேலே எத்தனை முறை பூசினாலும் கொப்புளம் வரத்தான் செய்யும்.

தரையில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, பதினெட்டு அங்குலச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு 16 மணி நேரம் ஒட்டிவைத்துப் பார்க்கும் சோதனையை எல்லோரும் செய்கிறார்கள். அடியில் நீர் கோத்தால் ஈரம் இருப்பது உறுதி. கோக்காவிட்டால் ஈரம் இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தரையின் தடிமனில் 40 சதவீத ஆழத்துக்குத் துளையிட்டு, உள்ளே ஈரப்பத உணரியை வைத்து, ஒரு நாள் விட்டு அளப்பதைத்தான் நான் நம்புகிறேன்.

சென்னைக் காற்றும் சாதாரணமானதில்லை. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் சுமார் 26 டிகிரிக்குக் குளிர்ந்த தரையிலேயே காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும். தரையின் சூடு அதைவிட 3 டிகிரியாவது கூடுதலாக, அதாவது 29க்கு மேல் இருக்க வேண்டும். விடியற்காலைத் தரை பல நாள் அப்படி இருக்காது. அன்று பூசினால் மேலே வெள்ளையாக, மெழுகு தடவினாற்போல ஒரு படலம் வரும். வெந்நீரில் கழுவினால் போய்விடும். கழுவாமல் அடுத்த கோட்டிங் போட்டால் அதுதான் பின்னால் உரிந்து வரும்.

பூச்சில் வரும் குண்டூசித் துளைகள் வேறு கதை. வெயில் ஏற ஏறக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும். சூடு இறங்கும் மாலையில் பூசினால் இது குறையும். அங்கங்கே பிசுபிசுவென்று காயாமல் கிடந்தால் ஹார்டனர் (பிசினை இறுக வைக்கும் இரண்டாவது திரவம்) கலந்ததில் பிழை, அல்லது வாளியின் ஓரத்தில் கலக்காமல் ஒட்டியிருந்ததையும் வழித்து ஊற்றியிருப்பார்கள். எத்தனை நாள் காத்திருந்தாலும் அது இறுகாது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

சரி, உங்கள் தரையில் இப்போது பெயர ஆரம்பித்திருந்தால்? துண்டுகளைக் கவரில் போட்டு, எந்த இடத்தில் எடுத்தது என்று எழுதி வையுங்கள். சுற்றிலும் சின்னச் சுத்தியலால் தட்டி, பொள்ளென்று கேட்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். டப்பாவில் இருந்த பேட்ச் எண், பூசிய தேதி இரண்டையும் தேடி எடுங்கள். கிரைண்டரை அதுவரை உள்ளே விடாதீர்கள்.