நிலைபொருளும் நுனிகாட்டியும்

புதுச்சேரியில் 'ஹார்டுவேர்ஸ்' என்று பலகை மாட்டிய கடைக்குள் நுழைந்தால் கீல், தாழ்ப்பாள், ஆணி, போல்ட்டு, நட்டு எல்லாம் கிடைக்கும். கம்ப்யூட்டர் கிடைக்காது. கடைக்காரர் சொல்லைத் தப்பாக எழுதிவிடவில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு முதலில் இருந்த பொருளே இரும்புச் சாமான்தான். 'வேர்' என்றால் விற்பனைச் சரக்கு. கணினிக்காரர்கள் பிந்தி வந்து கடையிலிருந்து சொல்லைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஹார்டுவேருக்கு எதிர்ச்சொல்லாக சாஃப்ட்வேர் பிறந்தது. இரண்டிலும் சேராத ஒன்றுக்குப் பெயர் தேவைப்பட்டபோது ஃபர்ம்வேர் பிறந்தது.

அந்தச் சொல்லை 1967இல் டேட்டாமேஷன் என்ற அமெரிக்க இதழில் ஆஷர் ஆப்ளர் அறிமுகம் செய்தார். செயலிக்குள் ஒவ்வொரு கட்டளையும் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் நுண்கட்டளைகளை மட்டுமே அவர் அப்படி அழைத்தார். கருவிக்குள் பொதிந்து வரும் எல்லா நிரலுக்கும் அந்தப் பெயர் பரவியது பிறகுதான். வாஷிங் மெஷின், செட்டாப் பாக்ஸ், கடற்கரையில் மணலைத் துழாவும் மெட்டல் டிடெக்டர் என்று இன்று எதற்குள்ளும் ஒரு ஃபர்ம்வேர் இருக்கிறது. இங்கே பார்க்கப்போவது அந்த மெட்டல் டிடெக்டரின் ஃபர்ம்வேரையும், அதன் துணைக்கருவியான பின்பாயின்டரையும், இவற்றுக்கான தமிழ்ச் சொற்களையும்.

நம்மூரில் 'ஃபர்ம்' என்றால் கம்பெனி. அதற்கும் இதற்கும் மூலம் ஒன்றே: உறுதி என்று பொருள்படும் 'ஃபிர்முஸ்' என்ற லத்தீன் சொல். உறுதிசெய்து போடுவது கையெழுத்து. இத்தாலிய மொழியில் அது 'ஃபிர்மா'. கையெழுத்தின் பேரில் நடக்கும் வணிகம் ஃபர்ம் ஆயிற்று. ஃபர்ம்வேரில் உள்ள ஃபர்ம் வேறு கிளை. அது பதத்தைக் குறிக்கிறது. இளநீரின் வழுக்கைக்கும் முற்றிய தேங்காய்க்கும் நடுவே ஒரு பதம் உண்டல்லவா, அது.

தமிழில் வன்பொருள், மென்பொருள் வரிசையில் இதற்கு 'நிலைபொருள்' என்ற சொல் வழங்குகிறது. சிலர் 'நிலைப்பொருள்' என்று ப் சேர்த்து எழுதுகிறார்கள். சேர்க்காமல் எழுதுவதே சரி. நிலைத்த பொருள், நிலைக்கின்ற பொருள், நிலைக்கும் பொருள் என்று மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகை இது. ஊறுகாயில் மிகாதது போல இங்கேயும் வல்லினம் மிகாது. மின்சாரம் போனாலும் அழியாமல் நிலைத்திருக்கும் நிரல் என்பதால் பொருத்தமும் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 'மிக்ரோலொஜிசியெல்' என்கிறார்கள். லொஜிசியெல் என்றால் மென்பொருள், ஆக 'குறுமென்பொருள்'. அவர்கள் அளவைப் பார்த்தார்கள், நாம் தன்மையைப் பார்த்தோம். நம்முடையது மேல்.

ஒரு நெருடல் உண்டு. நிலைத்தது என்றால் மாறாதது என்று காது கேட்கிறது. முன்பு அது உண்மை: ஆலையில் ஒருமுறை எழுதிய சில்லு அப்படியே இருக்கும். இப்போது ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுகிறார்கள். யூஎஸ்பி கேபிளைச் சொருகி வீட்டிலேயே மாற்றலாம். அந்த மாற்றத்துக்கு 'அப்டேட்' என்று பெயர். தமிழில் புதுப்பிப்பு என்றும் இற்றைப்படுத்தல் என்றும் இரண்டு சொல். இற்றை என்றால் இன்றைய. புறநானூற்றில் பாரியின் மகளிர் 'அற்றைத் திங்கள்', 'இற்றைத் திங்கள்' என்று அன்றையும் இன்றையும் பக்கத்தில் வைத்துப் பாடிய அதே இற்றை. டேட் என்பதற்கு நேராக நாளைக் குறிக்கும் சொல் அமைந்துவிட்டதால் அப்டேட்டுக்கு இதைவிட நெருக்கமான சொல் கிடைக்காது. ஆனால் பேச்சில் 'புதுப்பிப்பு'தான் வாய்க்கு வருகிறது. இரண்டும் இருக்கட்டும்.

இனி மெட்டல் டிடெக்டர். டிடெக்டர் என்பதன் லத்தீன் மூலத்துக்கு மூடியிருப்பதை விலக்குதல் என்று பொருள். கருவி எதையும் விலக்குவதில்லை, விலக்குவது நம் மண்வெட்டி. உலோகமானி, உலோக உணரி, உலோகங்காட்டி என்று மூன்று தமிழ்ச் சொற்கள் போட்டியிடுகின்றன. மானி என்பது வெப்பமானி போல அளப்பதற்கு. உணரி என்பது உள்ளே இருக்கும் உறுப்புக்கு, அதாவது கீழே வட்டமாக இருக்கும் காயிலுக்கு. முழுக் கருவிக்குத் திசைகாட்டி, கைகாட்டி வழியில் உலோகங்காட்டி என்பதே தகும். உலோகத்துக்கு மாழை என்ற பழஞ்சொல்லை மீட்டு 'மாழைகாட்டி' ஆக்கலாம் என்பவர்களும் உண்டு. கடையில் கேட்டால் மாம்பழம் பக்கம் கை காட்டுவார்கள். பிரான்ஸில் பேச்சுவழக்கில் இதை 'வறுக்கும் சட்டி' என்றே சொல்கிறார்கள். காயிலையும் கைப்பிடியையும் பார்த்தால் ஏன் என்று புரியும்.

உலோகங்காட்டிக்குள் நிலைபொருள் என்ன செய்கிறது? காயில் காந்தப்புலத்தை அனுப்புகிறது, உலோகம் பட்டுத் திரும்பும் சைகை வருகிறது. அந்தச் சைகையில் மண்ணின் பங்கு எவ்வளவு, உப்புநீரின் பங்கு எவ்வளவு, உலோகத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்து, திரையில் ஓர் எண்ணையும் காதில் ஒரு தொனியையும் தருவது நிலைபொருள். அதனால் காயிலும் பேட்டரியும் பழையதாகவே இருக்க, புதுப்பித்த மறுநாள் அதே மோதிரம் வேறு எண் காட்டலாம். புதுப்பிக்கும் முன்பு 1, 2, 5, 10 ரூபாய் நாணயம் ஒவ்வொன்றையும் ஒரு சின்னத் தங்க மோதிரத்தையும் காயிலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் ஆட்டி, எண்களைத் தாளில் குறித்துவையுங்கள். புதுப்பித்த பின் மறுபடி ஆட்டிப் பாருங்கள். இதில் நம் நாட்டுக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது: புழக்கத்தில் உள்ள 1, 2 ரூபாய் நாணயங்கள் காந்தம் ஒட்டும் துருப்பிடிக்காத எஃகு. இரும்பை ஒதுக்கும்படி கருவியை வைத்தால் அவையும் ஒதுங்கக்கூடும். அதைப் பார்த்துவிட்டுப் புதிய நிலைபொருளில் கோளாறு என்று முடிவுகட்டக் கூடாது. மெல்லிய தங்க மோதிரமோ சிகரெட் அட்டையின் அலுமினியத் தாள் காட்டும் எண்ணுக்குப் பக்கத்திலேயே உட்காரும். எந்தப் புதுப்பிப்பும் அதைத் தீர்க்காது.

புதுப்பிக்கும் முறை கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், ஆனால் கெடுகிற இடங்கள் எல்லாருக்கும் ஒன்றே. முதலாவது கேபிள். சில மலிவான கேபிள்கள் சார்ஜ் மட்டும் ஏற்றும். தரவு செல்லும் இரண்டு கம்பி அதில் இருக்காது. கருவியில் சார்ஜ் ஏறுகிறது, கணினி மட்டும் கருவியைக் காணவில்லை என்றால் 'டிரைவர்' என்ற இணைப்பு நிரலைத் தேடி அலையும் முன் கேபிளை மாற்றுங்கள். மைன்லேப் ஈக்வினாக்ஸ் போன்ற உலோகங்காட்டிகளில் சார்ஜ் முனை காந்தத்தால் ஒட்டும். கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒரு மாலை அலையோரம் நடந்துவிட்டு வந்தால் அந்த உலோகப் புள்ளிகளில் உப்பு படிந்திருக்கும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்திப் பிறகு ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பாதி எழுதும்போது தொடர்பு அறுந்துபோகும்.

இரண்டாவது மின்சாரம். கருவியின் பேட்டரி முழுதாக இருக்க வேண்டும். யூபிஎஸ் இல்லாத மேசைக்கணினியில் செய்யாதீர்கள், லேப்டாப்பில் செய்யுங்கள். கரண்ட் போவது சொல்லிவிட்டா போகிறது? யூஎஸ்பி ஹப் வேண்டாம், கணினியின் துளையிலேயே நேராகச் சொருகுங்கள். லேப்டாப் தூங்கிப்போகாதபடி அமைப்பை மாற்றிவையுங்கள். எழுதும்போது கருவியின் திரை அணைந்து கிடக்கலாம். பயந்து பட்டனை அமுக்கினால் அதுவே வினை.

மூன்றாவது கோப்பு. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து, அதே மாடலுக்கு உரியதை மட்டும் எடுக்க வேண்டும். ஒரே தோற்றத்தில் இரண்டு மாடல் வரும். பெயரின் பின்னால் ஒரு கூட்டல் குறிதான் வேறுபாடு.

பாதியில் நின்ற கருவியை ஆங்கிலத்தில் 'பிரிக்' என்பார்கள். செங்கல். தமிழிலும் 'செங்கல்லாயிடுச்சு' என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள், அழகான கடன். பெரும்பாலும் அது பச்சைச் செங்கல்தான், கரைத்து மறுபடி வார்க்கலாம். 'பூட்லோடர்' என்ற சின்னத் தொடக்க நிரலைப் புதுப்பிப்பு பொதுவாகத் தொடுவதில்லை. அது உயிரோடு இருந்தால் கேபிளை மறுபடி சொருகி முதலிலிருந்து எழுதலாம். அதுவும் அழிந்தால் சர்வீஸ்தான்.

எழுதி முடித்ததும் பதிப்பு எண்ணைத் திரையில் பாருங்கள். பழைய அமைப்புகள் அழிந்திருக்கும் என்றே வைத்துக்கொண்டு ஆலை நிலைக்கு (ஃபேக்டரி ரீசெட்) மீட்டு, இரைச்சல் நீக்கம் (சுற்றியுள்ள மின்குறுக்கீட்டைத் தவிர்ப்பது), மண் சமன் (மண்ணின் சைகையைக் கழிப்பது) இரண்டையும் புதிதாகச் செய்யுங்கள். ஈர மணலிலும் கருமணல் ஒதுங்கிய வரியிலும் மண் சமனைத் தனித்தனியே செய்ய வேண்டும். துலூஸ் நகரத்துக் கம்பெனியான எக்ஸ்பியின் தேயுஸ் போன்ற கருவியில் இன்னொரு வேலை இருக்கிறது. அதில் காயில், ரிமோட், ஹெட்போன் மூன்றும் கம்பியில்லாமல் பேசிக்கொள்பவை, மூன்றுக்கும் தனித்தனி நிலைபொருள். ஒன்றைப் புதுப்பித்து மற்றதை விட்டால் ஒன்றையொன்று அடையாளம் காணாது.

இந்தக் 'கம்பியில்லா'வுக்கும் வயதாகிறது. வானொலிக்கு முன்னோடியைக் கம்பியில்லாத் தந்தி என்றார்கள். பிறகு 'ஒயர்லெஸ்' என்றால் போலீஸ்காரர் கையில் இருப்பது என்றாகி, இப்போது ஹெட்போனுக்கு வந்திருக்கிறது. ஊடலை, அருகலை என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல் சொற்கள் ப்ளூடூத்துக்கும் வைஃபைக்கும் ஆனவை. எல்லாக் கம்பியில்லா இணைப்பும் ப்ளூடூத் அல்ல. உலோகங்காட்டியில் இந்த வேறுபாடு காசு பெறும். சாதாரண ப்ளூடூத்தில் ஒலி 200 மில்லி வினாடி அளவுக்குப் பிந்தும். காயிலை வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வீசினால் மோதிரத்தைத் தாண்டி 20 செ.மீ. போன பிறகே சத்தம் கேட்கும். தாமதத்தைக் குறைத்த ப்ளூடூத்தான ஏபிடிஎக்ஸ் லோ லேட்டன்சி வகையில் அது 40 மில்லி வினாடி, அதாவது 4 செ.மீ. கேரட் கம்பெனி தன் கம்பியில்லா இணைப்பான இசட்-லிங்க்குக்குச் சொல்லும் 17 மில்லி வினாடியில் 2 செ.மீ.க்கும் குறைவு. இன்னொன்று: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை கடல்நீருக்குள் சில செ.மீ. கூடத் தாண்டாது. காயில் தண்ணீருக்குள் போனதும் தேயுஸ் ஊமையாவது பழுதல்ல. அதற்கென்று காயிலிலிருந்து ரிமோட் வரை தண்டோடு ஓட்டும் ஆன்டெனாக் கம்பி இருக்கிறது. கம்பியில்லாக் கருவிக்குக் கம்பி!

அடுத்தது பின்பாயின்டர். குண்டூசியின் முனைதான் பின்பாயின்ட். ஊசிமுனை இடத்தைக் காட்டுவது பின்பாயின்டர். குழப்பம் எங்கே வருகிறதென்றால், உலோகங்காட்டியிலேயே 'பின்பாயின்ட்' என்றொரு பட்டன் இருக்கிறது. அது காயிலை அசைக்காமல் வைத்து, பொருள் காயிலின் எந்தப் பகுதிக்குக் கீழே என்று காட்டும் நிலை. பின்பாயின்டர் என்பது தனிக் கருவி: டார்ச் அளவில் கையில் பிடித்து, தோண்டிய குழிக்குள் விடுவது. பட்டனை 'மையங்காணல்' என்று சொல்லி, கருவிக்கு வேறு பெயர் வைத்தால் குழப்பம் தீரும். துல்லியகாட்டி என்றால் எதைத் துல்லியமாக என்று தெரியவில்லை. புள்ளிகாட்டி பரவாயில்லை. இந்தக் கருவி தன் நுனியில்தான் உணர்கிறது, நுனி தொட்ட இடத்தைத்தான் காட்டுகிறது, ஆகவே நுனிகாட்டி. நாணயம் என்றால் நுனியிலிருந்து 2 முதல் 5 செ.மீ.க்குள் அதிரும்.

கம்பியில்லா நுனிகாட்டி என்றதும், அது கண்டதைப் பெரிய கருவியின் திரை விளக்கிச் சொல்லும் என்று வாங்குகிறவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அது அனுப்புவது முக்கியமாக ஒலியை. காற்றும் அலையும் இரையும் இடத்தில் அதன் 'பீப்' ஹெட்போனுக்குள்ளேயே கேட்கும், அவ்வளவுதான். அதற்கே அது தகும். இணைப்பதற்கு ஒரே குடும்பத்துக் கருவியாக இருக்க வேண்டும்: எக்ஸ்பியின் எம்ஐ-6 நுனிகாட்டி எக்ஸ்பி கருவியோடு, கேரட்டின் இசட்-லிங்க் நுனிகாட்டி இசட்-லிங்க் வாங்கியோடு. நிலைபொருளைப் புதுப்பித்த பிறகு நுனிகாட்டி மௌனமானால் பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் அதை மறுபடி ஜோடி சேர்த்துப் பாருங்கள்.

நுனிகாட்டியை எங்கே வைத்து ஆன் செய்கிறோம் என்பதில் பாதி வித்தை இருக்கிறது. ஆன் ஆகும் நொடியில் சுற்றியிருப்பதை அது 'ஒன்றுமில்லை' என்று எடுத்துக்கொள்ளும். மண்வெட்டிக்குப் பக்கத்தில் ஆன் செய்தால் உணர்திறன் மங்கிவிடும். இதையே சாதகமாக்கலாம்: கடலோர ஈர மணலில் விடாமல் கத்தினால் நுனியை அந்த மணலில் ஊன்றியபடி ஆன் செய்யுங்கள், உப்பின் சத்தம் அடங்கும். பெரிய கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது காயிலைக் குழிக்குப் பக்கத்தில் கிடத்தினால் இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக் கதறும். காயிலை இரண்டு அடி தள்ளி வையுங்கள், அல்லது நுனிகாட்டியின் அலைவெண்ணை ஒரு படி மாற்றுங்கள்.

மாசி மகத் தீர்த்தவாரி முடிந்த மறுநாள் வைத்திக்குப்பத்திலோ தேவனாம்பட்டினத்திலோ தொலைந்த தாலிக்குண்டைத் தேடித்தர இவை உதவும். அரிக்கமேட்டுப் பக்கம் இவற்றோடு போகக் கூடாது. அது பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடம், அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம்.

உண்மையில் இந்த வட்டாரத்தில் நுனிகாட்டிக்கு நிலையான வேலை மரவாடியில்தான். பழைய வீடுகளை இடித்து வரும் தேக்கு உத்திரத்தை அறுக்கும் முன் ஆணி பார்க்க வேண்டும். தலை ஒடிந்து உள்ளே கிடக்கும் ஒரே ஓர் ஆணி வாளின் பல்லைத் தின்றுவிடும். இரும்பு இருக்கும் இடத்தைச் சுற்றி மரம் கறுத்திருக்கும், முதலில் கண்ணால் அதைத் தேடுங்கள். பிறகு உணர்திறனை நடுவில் வைத்து நுனியை மரத்தில் ஒட்டி, நூல் பிடித்ததுபோல் நீளவாக்கில் இழுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி போதும். அதிரும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு உத்திரத்தைப் புரட்டி நான்கு பக்கமும் பாருங்கள். மேலிருந்து அடித்த ஆணி அடுத்த பக்கத்துக்கு நெருக்கமாகவும் கிடக்கலாம்.