இட்டேரிக் காந்தளும் ரோட்டோர ஆவாரமும்

திருப்பூர் மாவட்டம் மூலனூர் பக்கம் ஐப்பசி மழைக்கு கிலுவை வேலி மேல சிவப்பும் மஞ்சளுமா ஒரு பூ தீப்புடிச்ச மாதிரி நிக்கும் பாருங்க, அதுதான் செங்காந்தள், நம்ம மாநிலப்பூ, எங்க ஊர்ல கண்வலிக்கிழங்குன்னாதான் தெரியும். பொங்கலுக்கு மொத நாள் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோட பறிக்கறது ஆவாரம்பூ, அது தெலங்கானாவோட மாநிலப்பூ.

ரெண்டுக்கும் செடிகளுக்கு அறிவியல் பேர் வெச்ச லின்னேயஸ் 1753லயே பேர் வெச்சுட்டாரு, ஆனா சொந்தம்னு பார்த்தா ரொம்ப தூரம். ஆவாரம் இருவித்திலை, புளி, கொன்னையெல்லாம் இருக்கற அவரைக் குடும்பம். அதோட இலைக்காம்பு அடியில காது மாதிரி ரெண்டு சின்ன மடல் இருக்கும், அதோட அறிவியல் பேர்ல வர்ற ஆரிகுலேட்டாங்கறதே அதனாலதான். காந்தள் ஒருவித்திலை, முன்னாடி லில்லி குடும்பத்துல வெச்சிருந்தாங்க, இப்ப கோல்ச்சிகேசியேங்கற தனிக் குடும்பம்.

காந்தளோட இலை நுனியைத் தொட்டுப் பாருங்க, அதுவே சுருண்டு பக்கத்துக் குச்சியைப் புடிச்சுக்கும், அதான் கொடி ஏர்றதுக்கு வேலி வேணும். பூவுல சூல்தண்டு அடியிலயே பக்கவாட்டுல மடங்கி மகரந்தத்தை விட்டுத் தள்ளிப் போயிரும், தன் மகரந்தம் தன்மேலயே லேசுல படாது, அதனாலதான் காந்தள் சாகுபடி பண்ற தோட்டத்துல ஆளுங்க காலையில ஒவ்வொரு பூவா மகரந்தம் தொட்டு வெக்கிறாங்க. ஆவாரம்பூல தேனே இல்லீங்க, மகரந்தப்பை நுனியில சின்ன ஓட்டைதான், வண்டு புடிச்சுக்கிட்டு ர்ர்ர்னு அதிர்ந்தா தூள் கொட்டும்.

இப்ப இந்த ரெண்டுல எது தானா பொழைச்சு நிக்கும்ங்கறதைப் பாப்போம். ஆவாரம் கல்லுக்காட்டுலயும் ரோட்டோரத்துலயும் மழையில்லாமயே நிக்கும், ஆடு மாடும் அதிகமா வாய் வெக்காது, அதுக்கு இன்னைக்குப் பயமில்ல. காந்தளைப் பந்தல் போட்டு ஏக்கர் கணக்குல போடறோம், விதையில இருக்கற கோல்ச்சிசின் கீல்வாத மருந்துக்குப் போகுது, அதனால நெறையா இருக்குன்னு தோணும். ஆனா நடறது விதையை இல்ல, கிழங்கை, அந்தக் கிழங்கை வேலியோரத்துலயும் காட்டுலயும் தோண்டித்தான் ரொம்ப நாளா எடுத்தாங்க, போதாததுக்கு ரெண்டு பக்கமும் உயிர்வேலி இருக்கற இட்டேரிப் பாதையையும் அழிச்சுட்டு கம்பிவேலி போட்டாச்சு. தோட்டத்துல இருக்கறதை எண்ணி தானா மொளைக்கறதைக் கணக்குப் போடவே முடியாதுங்க.

எங்க தோட்டத்துக்குப் போற இட்டேரியில இப்ப மிச்சம் இருபதடி கிலுவைதான். போன ஐப்பசியில அதுல மூணு கொடி ஏறியிருந்துச்சு.