அந்த மெடிக்கல் உங்களுக்காக எடுப்பது இல்லை

போன வாரம் ஒரு அம்மா என் மேசை மேல் ஒரு காகிதத்தை வைத்தார். பத்திரமாக லேமினேட் செய்த மெடிக்கல் ரிப்போர்ட், மகன் வளைகுடாவுக்குப் போகும்போது எடுத்தது. கீழே பெரிய எழுத்தில் ‘ஃபிட்’ என்று இருந்தது. “என் மகன் நாலு தடவை மெடிக்கல் பாஸ் பண்ணவன் மேடம். அப்ப இது எங்கேருந்து வந்துச்சுன்னு இவளைக் கேளுங்க.”

‘இவள்’ என்றது மருமகளை. நாலு மாத கர்ப்பிணி. கர்ப்பகாலப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, வீட்டில் மறைக்கத் தெரியாமல் தானே சொல்லிவிட்ட பெண். சுவரோரம் உட்கார்ந்து மகப்பேறு அட்டையின் முனையை மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தருகிற அரசு நம்பிக்கை மையத்தில் ஆற்றுப்படுத்துநராக (கவுன்சிலராக) இருக்கிறேன். இந்த வருஷத்தில் மட்டும் இதே பேச்சை மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

மறுநாள் கணவர் வந்தார். எட்டு மாதத்துக்கு முன் ஊர் திரும்பியவர். விசா புதுப்பிக்க அங்கே ரத்தம் எடுத்திருக்கிறார்கள். நாலைந்து நாளில் அவர் தங்கியிருந்த கேம்ப்புக்கு ஆள் வந்து பெட்டியைக் கட்டச் சொல்லி, ஒரு அறையில் வைத்திருந்து விமானம் ஏற்றிவிட்டார்கள். என்ன காரணம் என்று கேட்டதற்குக் கம்பெனியில் ‘மெடிக்கல் ப்ராப்ளம்’ என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள், ஊரில் ஏஜென்ட்டோ நெஞ்சில் சளி கட்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். இவரும் டவுனில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, நெஞ்சில் ஒன்றும் இல்லை என்றதும் நிம்மதியாகிவிட்டார். பாஸ்போர்ட் உறைக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினார். முழுக்க அரபி. எட்டு மாதமாக அதை யாரிடமும் காட்டிப் படிக்கச் சொல்லவில்லை. எங்கள் மூன்று கிட் சோதனையிலும் அவருக்கு பாசிடிவ். (ஒரு கிட்டில் கோடு விழுந்ததும் நாங்கள் பாசிடிவ் என்று எழுதுவதில்லை, வெவ்வேறு கிட் மூன்றிலும் வந்தால்தான்.)

இப்போது அந்த ‘ஃபிட்’ காகிதத்துக்கு வருவோம். அதைத்தான் நம் ஊர் ஆட்கள் நல்லொழுக்கச் சான்றிதழ் மாதிரி வீட்டில் வைத்திருக்கிறார்கள். வண்டிக்கு எஃப்.சி. வாங்குகிறோம், திங்கட்கிழமை எஃப்.சி. ஆன லாரிக்கு வியாழக்கிழமை பிரேக் பிடிக்கும் என்று அந்தச் சீட்டு சொல்லுமா? இதுவும் அப்படித்தான். ரத்தம் எடுத்த அன்றைக்கு அந்தச் சோதனையில் எதுவும் தெரியவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அதற்கு முந்தின வாரம் தொற்று வந்திருந்தால்கூட அதில் தெரியாது, ஏனென்றால் தொற்று வந்து சோதனையில் தெரிவதற்குச் சில வாரங்கள் ஆகும், மூன்று மாதம் வரைகூட எடுக்கலாம். அடுத்த மாதம் வரப்போவதை அது எப்படிச் சொல்லும்? நாலு தடவை பாஸ் என்றால் நாலு நாள் பாஸ். நடுவில் இருக்கிற வருஷங்களுக்கு அந்தத் தாளில் இடமே கிடையாது. அதைக் காட்டி ஒரு பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள், தயவுசெய்து.

இன்னொன்றும் புரிந்துகொள்ளுங்கள். அந்த மெடிக்கல் உங்கள் உடம்பு நன்றாக இருக்கட்டும் என்று எடுப்பது இல்லை. அந்த நாடு தனக்காக எடுப்பது. வளைகுடாவில் போவதற்கு முன்னும் எடுப்பார்கள், போய் இறங்கிய பிறகும் எடுப்பார்கள். மலேசியாவில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஃபொமேமா என்கிற மெடிக்கல் சோதனை. சிங்கப்பூரில் வீட்டுவேலைக்குப் போகிற பெண்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. சோதனை. தேறாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். என்ன நோய், அடுத்து எங்கே போக வேண்டும், மனைவிக்கு என்ன செய்ய வேண்டும் என்று உட்காரவைத்துச் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இல்லை. இங்கே 2017-ல் போட்ட எச்.ஐ.வி. சட்டம் சம்மதம் கேட்டுத்தான் சோதனை செய்ய வேண்டும், முன்னும் பின்னும் ஆலோசனை தர வேண்டும், முடிவை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. அந்த ஆலோசனை இல்லாமல் போனதால்தான் இந்த எட்டு மாதம் வீணானது.

சரி, என்ன செய்யலாம்.

டிக்கெட் போடுவதற்கு முன்னாலேயே நம்பிக்கை மையத்துக்கு வாருங்கள். இலவசம். ஏஜென்ட்டுக்குத் தெரியாது, வீட்டுக்குத் தெரியாது. ‘அன்ஃபிட்’ என்று வந்துவிட்டால் எதனால் என்று விடாமல் கேளுங்கள், ரிப்போர்ட்டை வாங்குங்கள், எந்த மொழியில் இருந்தாலும் எங்களிடம் கொண்டுவாருங்கள். பழைய காசநோய்த் தழும்பாக இருக்கலாம், மஞ்சள் காமாலை பி ஆக இருக்கலாம், எச்.ஐ.வி.யாகவும் இருக்கலாம். பணம் கொடுத்தால் ரிப்போர்ட்டைச் சரிபண்ணலாம் என்று சொல்கிற ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அங்கே இருக்கும்போது ஆணுறை. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், எல்லாருக்கும் தெரியும், தெரிந்தேதான் விடுகிறார்கள். இரண்டு வருஷம் ஒரே அறையில் பத்துப் பேரோடு கிடப்பவர்களுடைய தனிமை எனக்குப் புரியாமல் இல்லை, ஒழுக்கம் பேச நான் உட்காரவில்லை. போனால் ஆணுறையோடு போங்கள் என்கிறேன்.

லீவில் வந்ததும், வீட்டுக்காரியோடு சேருவதற்கு முன் ஒரு ரத்தச் சோதனை. சந்தேகம் இருந்தால் மூன்று மாதம் கழித்து இன்னொன்று, அதுவரை ஆணுறை. மனைவிமார்களே, இதைக் கேட்பதால் கணவரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடாது. அவரோடு நீங்களும் சோதனை செய்துகொள்ளுங்கள், அப்போது கேட்பதும் சுலபம். வீட்டுவேலைக்குப் போய்த் திரும்பிய பெண்களுக்கு ஒரு வார்த்தை. போன வீட்டில் உங்களுக்கு என்ன நடந்திருந்தாலும் தவறு உங்களுடையது இல்லை, தனியாக வாருங்கள், மெதுவாகப் பேசுவோம்.

ஏற்கனவே ஏ.ஆர்.டி. மாத்திரை, அதாவது எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மெடிக்கலுக்குப் பயந்தோ, அறையில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்றோ மாத்திரையை நிறுத்தாதீர்கள். இங்கே 2004-லிருந்து இலவசமாகத் தருகிறோம். ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் தெரியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நிலைத்தால் உடலுறவில் அடுத்தவருக்குப் பரவாது. விட்டுவிட்டுச் சாப்பிட்டால் மருந்து கேட்காமல் போகும். வெளியூர் போவதாக இருந்தால் ஏ.ஆர்.டி. மையத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள், திட்ட மாட்டோம், வழி பார்ப்போம்.

அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கே மாத்திரை தொடங்கியாயிற்று. இப்போதிருந்து பிரசவம் வரை, அதற்குப் பிறகும், தவறாமல் சாப்பிட்டால் குழந்தைக்கு வராமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம். பிறந்ததும் குழந்தைக்கு மருந்து, ஆறாவது வாரத்தில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதனை. இதையெல்லாம் மாமியாருக்கும் சொன்னேன், மருமகளைக் கேட்டுக்கொண்டு, அவர் தலையாட்டிய பிறகு. போகும்போது மாமியார் அந்த லேமினேட் தாளை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.